கறள் போக்கும் அசிட் கம்பியையும் தின்னுமா?

2004 டிசம்பர் 26க்குப் பின் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் எழுந்த வீடுகள் சிலவற்றில் சிலாப் வெடித்துக் கம்பி வெளியே தெரிவதை இப்போது பார்க்கிறேன். கடற்காற்றின் உப்பு கொங்கிரீட்டுக்குள் இறங்கினால் கம்பியில் கறள் பிடிக்கும். கறளுக்கு இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் வேண்டும். அந்த நெருக்கத்தில் சீமெந்து பிளக்கிறது.

அசிட் ஊற்றிக் கழுவினால் என்ன என்று பலர் கேட்கிறார்கள். போரில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பாதியில் நின்ற தூண்களின் நீட்டுக் கம்பியிலிருந்து மீளக் கட்டுபவர்களுக்கும் இதே கேள்விதான். "கறள் போகுது தம்பி, ஆனா கம்பியும் மெலியுது" என்றார் சாய்ந்தமருதில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர். அவர் சொன்னது சரி. ஐதரோகுளோரிக் அமிலம் கறளோடு நிற்பதில்லை, அடியிலுள்ள உருக்கையும் கரைக்கும். அப்போது உண்டாகும் ஐதரசனில் ஒரு பங்கு உலோகத்துக்குள் புகுந்து, வலுவான உருக்கைக்கூட நொறுங்க வைக்கலாம்.

தொழிற்சாலைகளிலும் உருக்கை அமிலத்தில் கழுவுகிறார்கள். ஆனால் அமிலத்தோடு ஒரு தடுப்பானையும் சேர்ப்பார்கள். சர்பக்டன்ட் எனப்படும், சவர்க்காரத்துக்கு உறவான பொருட்கள் அதில் ஒரு வகை. அவற்றின் மூலக்கூறில் நீரை விரும்பும் தலையும் நீரை வெறுக்கும் நீண்ட வாலும் உண்டு. அமிலத்திலுள்ள குளோரைட்டு முதலில் உருக்கில் ஒட்டும். அதன்மேல் நேரேற்றத் தலைகள் வந்து அமரும். வால்கள் வெளிப்புறம் நீட்டி, எண்ணெய் பூசியதுபோல் அமிலத்தைத் தள்ளி வைக்கும். செற்றைல் ட்ரைமெதைல் அமோனியம் புரோமைட்டு இதற்கு நல்ல உதாரணம். அளவைக் கூட்டினால் காவலும் கூடும் என்றில்லை. தூய நீரில் லீற்றருக்குச் சுமார் மூன்றிலொரு கிராமைத் தாண்டினால் மேலதிக மூலக்கூறுகள் தமக்குள்ளேயே உருண்டைகளாகச் சேர்ந்துவிடும். அமிலத்தில் இன்னும் குறைந்த அளவிலேயே அது நடக்கும். தமிழ்நாட்டில் காரைக்குடியில் 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் உலோக அரிப்பை நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறது.

அப்படியானால் வாளியில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்தால் போதாதா? போதாது. சாதாரண சவர்க்காரம் அமிலத்தில் திரிந்து கொழுப்பாகப் பிரிந்துவிடும்.

வீட்டுக் கம்பிக்கு என் பேச்சு வேறு. தடுப்பான் இருந்தாலும் அந்த அமிலம் வேண்டாம். அது விட்டுச்செல்லும் குளோரைட்டு, கடல் உப்பு செய்த வேலையையே கொங்கிரீட்டுக்குள் மறுபடி தொடங்கும். கம்பித் தூரிகையால் கறளைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் கழுவி, காயவிட்டுக் கட்டுங்கள். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டாமல் அதன்மேல் சீமெந்து பூச வேண்டாம். அசிட் வாங்கி வைத்திருப்பவர்கள் அதை வெளிற்றும் தூளோடு கலந்துவிடாதீர்கள். கிளம்பும் குளோரின் வாயு உயிரையே எடுக்கும்.