கிளிப்டன் பாலத்தின் சங்கிலிகள்

இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்து ஏவன் ஆற்றின் மேல் நிற்கும் கிளிப்டன் தொங்குபாலத்தை, 'புருனெல் கட்டியது' என்றே நானும் ரொம்ப நாள் சொல்லிக்கிட்டிருந்தேன். அது பாதிதான் சரி.

1831-ல் வேலை ஆரம்பம். 1843-ல் காசு தீர்ந்துபோச்சு. இரண்டு கரையிலும் கோபுரங்கள் மட்டும் மிச்சம். சங்கிலிக்கான இரும்புகள் விற்கப்பட்டு, சால்டாஷில் அவரே வடிவமைத்த ராயல் ஆல்பர்ட் ரயில் பாலத்துக்குப் போயின. 1859-ல் புருனெல் இறந்தார்.

அடுத்த வருஷமே லண்டனில் அவருடைய ஹங்கர்ஃபோர்டு தொங்குபாலத்தை ரயில் பாலத்துக்காக இடித்தார்கள். அந்தச் சங்கிலிகளை வாங்கித்தான் ஹாக்‌ஷாவும் பார்லோவும் கிளிப்டனை முடித்தார்கள். பக்கத்துக்கு இரண்டாக இருக்கவேண்டிய சங்கிலி மூன்றானது, தளமும் கனமானது. 1864-ல் திறப்பு.

கோபுர உச்சியில் சங்கிலிகள் உருளைகள் மேல் உள்ள இரும்புச் சேணத்தில் உட்கார்ந்திருக்கின்றன. பாரம் ஏறினால் சேணம் லேசாக நகரும். கோபுரத்தைப் பக்கவாட்டில் இழுக்காது. சங்கிலி முனைகள் கரைப் பாறைக்குள் பிடிபட்டிருக்கின்றன. 214 மீட்டர் இடைவெளி நிற்பது இப்படித்தான்.

ஆக, புருனெல் கடைசிவரை பார்க்காத பாலத்தைத் தாங்குவது, இடிபட்ட அவருடைய இன்னொரு பாலம். இனி 'புருனெல் தொடங்கியது' என்றுதான் எழுதப்போறேன்.