பகல் மின்சாரத்தைக் காற்றில் பூட்டி வைக்க

பெங்களூரில் ஆனந்த ராவ் சர்க்கிளுக்குப் பக்கத்தில், ரேஸ் கோர்ஸ் பகுதியில், தென்மண்டல மின்சுமை கட்டுப்பாட்டு மையம் இருக்கிறது. தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி ஆகியவற்றின் மின்சாரம் எங்கே பிறந்து எங்கே போகிறது என்பதை இரவு பகலாகக் கவனிக்கும் இடம் அது. அங்கே எல்லோருடைய கண்ணும் ஓர் எண்ணின் மேல்தான்: 50. நொடிக்கு 50 அலைவுகள். விதிப்படி 49.90க்கும் 50.05க்கும் இடையில் அது நிற்க வேண்டும். உற்பத்தி கூடினால் எண் ஏறும், பயன்பாடு கூடினால் இறங்கும். மின்கட்டமைப்பில் கிடங்கு என்று ஒன்று பெரிதாகக் கிடையாது. இந்த நொடியில் உண்டாக்கியதை இந்த நொடியிலேயே செலவழித்தாக வேண்டும்.

நிலக்கரியும் அணைகளும் மட்டும் இருந்த காலத்தில் இது சமாளிக்கக்கூடிய வேலையாக இருந்தது. இப்போது பெங்களூருக்கு வடக்கே, துமகூரு மாவட்டத்தின் பாவகடாவில், 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட் சூரிய மின்பூங்கா விரிந்து கிடக்கிறது. மழை பொய்த்துப் பொய்த்து ஓய்ந்த பூமி அது. விவசாயிகள் நிலத்தை விற்காமல் ஆண்டுக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2019 இறுதியில் பூங்கா முழுத்திறனை எட்டியது. நண்பகலில் அள்ளிக் கொடுக்கும். இரவு ஏழு மணிக்கு அதிலிருந்து ஒரு யூனிட்கூட வராது. 2025 மார்ச்சில் கர்நாடகத்தின் உச்ச மின்தேவை 18,000 மெகாவாட்டைத் தாண்டியது. பாசனப் பம்புசெட்டுகளின் சுமையை முடிந்தவரை பகலுக்கு நகர்த்திப் பார்த்திருக்கிறார்கள். அது நல்ல யோசனைதான். ஆனால் பெங்களூரின் விளக்குகளையும் மின்விசிறிகளையும் பகலுக்கு நகர்த்த முடியாது. பகலில் சூரிய மின்சாரத்துக்கு வழிவிட்டு அனல் மின் நிலையங்கள் 55 சதவீதம் வரை தணிந்து ஓட வேண்டியிருக்கிறது. சூரியன் சாய்ந்ததும் அவையே மூச்சிரைக்க மேலேற வேண்டும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக் காற்று கொட்டும்போது காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன கதை தமிழ்நாட்டுக்காரர்களுக்குத் தெரிந்ததுதான்.

பகலை இரவுக்குக் கடத்த நமக்கு நன்றாகத் தெரிந்த வழி, தண்ணீரை மேலே ஏற்றி வைப்பது. கோவை மாவட்டத்தின் கடம்பாறையில் 1980களின் இறுதியிலிருந்து இதைச் செய்துவருகிறோம். தலா 100 மெகாவாட் கொண்ட நான்கு எந்திரங்கள். மின்சாரம் மிஞ்சும்போது மேல் ஆழியாற்று நீரைக் கடம்பாறை அணைக்கு ஏற்றும், தேவைப்படும்போது அதே நீரை இறக்கும். இதற்கு மலை வேண்டும், அடுத்தடுத்து இரண்டு நீர்த்தேக்கங்கள் வேண்டும். அப்படிப்பட்ட இடங்களில் பல மேற்குத் தொடர்ச்சி மலைக்குள்தான் அமைகின்றன. ஷராவதி ஆற்றில் 2,000 மெகாவாட் நீரேற்றுத் திட்டம் ஒன்றைக் கர்நாடகம் முன்வைத்திருக்கிறது. அது சிங்கவால் குரங்கு சரணாலயத்தின் வழியாகப் போகிறது. அதை எதிர்ப்பவர்கள் வளர்ச்சிக்கு எதிரிகள் என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை. அந்தக் காட்டுக்கு மாற்று கிடையாது. மின்சாரத்தைச் சேமிக்க மாற்று வழிகள் இருக்கின்றன.

அவற்றில் ஒன்று, காற்றை அழுத்தி வைப்பது. மிச்ச மின்சாரத்தில் கம்ப்ரசரை ஓட்டி, காற்றை ஒரு மூடிய இடத்துக்குள் திணிக்க வேண்டும். வேண்டும்போது திறந்துவிட்டால் அந்தக் காற்று டர்பைனைச் சுழற்றும். இதுவரை பார்த்தால் ஒரு சிக்கலும் இல்லை. கணக்கு போடும்போதுதான் சிக்கல் தெரியும். வளிமண்டல அழுத்தத்தைப்போல் 70 மடங்கு அழுத்தத்தில் ஒரு கன மீட்டர் காற்றை அடைத்தால், கோட்பாட்டளவில் அதிலிருந்து கிடைப்பது அதிகபட்சம் சுமார் 8 யூனிட். ஒரு மின்மோட்டாரைச் சில மணி நேரம் ஓட்டப் போதும். ஒரு நகரத்துக்கு எந்த மூலைக்கு? ஆகவே லட்சக்கணக்கான கன மீட்டர் இடம் வேண்டும். அவ்வளவு பெரிய இரும்புத் தொட்டி கட்டுப்படியாகாது. பூமிக்குள்தான் இடம் தேட வேண்டும்.

ஜெர்மனியின் ஹுண்டார்ஃப் அப்படித் தேடிய முதல் இடம். அங்கே நிலத்தடி உப்புப் படிவத்தை நீரால் கரைத்து இரண்டு குகைகள் உண்டாக்கினார்கள். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 3 லட்சம் கன மீட்டர். 1978இல் 290 மெகாவாட்டுடன் தொடங்கிய அந்த நிலையம் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்திருக்கிறது. அடுத்தது அமெரிக்காவின் அலபாமாவில் மெக்கின்டாஷ், 1991, 110 மெகாவாட். அதற்குப் பிறகு முப்பது ஆண்டுகள் பெரிய அளவில் யாரும் இந்தப் பக்கம் வரவில்லை. காரணம் வெப்பம்.

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் கையைச் சுடுவதை எல்லோரும் கவனித்திருப்பார்கள். அழுத்தும்போது நாம் கொடுக்கும் வேலை வெப்பமாகிறது. சாதாரணக் காற்றை ஒரே மூச்சில் 70 மடங்கு அழுத்தினால் அதன் வெப்பநிலை 700 டிகிரி செல்சியஸைத் தாண்டும். அந்தச் சூட்டோடு காற்றைக் குகைக்குள் விட முடியாது. குளிரவைத்துத்தான் அனுப்ப வேண்டும். குளிரவைக்கும்போது, செலவழித்த மின்சாரத்தின் பெரும்பங்கு வெப்பமாக வானத்துக்குப் போய்விடுகிறது. திரும்ப எடுக்கும்போது எதிர்த்திசைத் தொல்லை: விரியும் காற்று குளிர்ந்துகொண்டே போகும். சூடேற்றாமல் விட்டால் அதிலுள்ள ஈரம் பனிக்கட்டியாகி டர்பைனைப் பாழாக்கும். ஹுண்டார்ஃபிலும் மெக்கின்டாஷிலும் இதற்காக இயற்கை எரிவாயுவை எரித்துக் காற்றைச் சூடாக்கினார்கள். அதாவது, பாதி சேமிப்பு நிலையம், பாதி எரிவாயு நிலையம். இவ்வளவு செய்தும் ஹுண்டார்ஃபின் செயல்திறன் 42 சதவீதம்தான். டர்பைனின் வெளியேற்ற வெப்பத்தை மீட்டுப் பயன்படுத்தும் மெக்கின்டாஷ் 54 சதவீதம் எட்டியது.

ஆகவே இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி வெப்பத்தைப் பிடித்து வைப்பதில் இருக்கிறது. அழுத்தும்போது பிறக்கும் வெப்பத்தை நீரிலோ எண்ணெயிலோ உருகிய உப்பிலோ சேமித்து, காற்று வெளியே வரும்போது அதற்கே திருப்பிக் கொடுத்தால் எரிபொருள் வேண்டாம். சீனா இதைத்தான் செய்து காட்டியது. 2022இல் ஜின்டானில் 60 மெகாவாட். 2024இல் ஷான்டோங் மாகாணத்தின் ஃபெய்செங்கில் 300 மெகாவாட், ஒரு முறை நிரப்பினால் 18 லட்சம் யூனிட். இரண்டும் உப்புக் குகைகள். ஃபெய்செங்கில் உள்ளே போகும் 100 யூனிட்டில் 70க்கு மேல் திரும்புவதாகச் சொல்கிறார்கள். கடம்பாறை போன்ற நீரேற்று நிலையங்களுக்கு அருகில் வந்துவிட்ட எண் அது.

தென்னிந்தியாவில் உப்புக் குகைக்கு வழியில்லை. ராஜஸ்தானின் பிகானேர், நாகௌர் பக்கம் நிலத்தடி உப்புப் படிவங்கள் உண்டு. தக்காணத்தின் அடியில் இருப்பது நைஸ் பாறையும் கிரானைட்டும். ஆனால் கெட்டிப் பாறையைக் குடைந்து கிடங்கு அமைப்பது கர்நாடகத்துக்குப் புதிதில்லை. நாட்டின் அவசரகாலக் கச்சா எண்ணெய் இருப்பில் 15 லட்சம் டன் மங்களூரிலும் 25 லட்சம் டன் உடுப்பிக்கு அருகே பாதூரிலும் பாறைக் குகைகளில் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறோம். அங்கே எண்ணெய் கசியாமல் காப்பது சுற்றியுள்ள நிலத்தடி நீரின் அழுத்தம். அழுத்தக் காற்றுக்கும் அதே தத்துவம் பொருந்தும், ஆழம்தான் வேறு. 10 மீட்டர் நீருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் என்றால் 60 மடங்கு அழுத்தத்துக்கு 600 மீட்டர் ஆழம் வேண்டும். கனடாவின் ஹைட்ரோஸ்டார் நிறுவனம் ஆஸ்திரேலியாவின் புரோக்கன் ஹில்லில் இதைத்தான் திட்டமிட்டிருக்கிறது. மேலே ஒரு குளம், கீழே 600 மீட்டரில் பாறைக் குகை, இரண்டையும் இணைக்க ஒரு குழாய். காற்று உள்ளே போகும்போது நீர் மேலேறும். காற்று வெளியேறும்போது நீர் இறங்கி அழுத்தம் குறையாமல் பார்த்துக்கொள்ளும். 200 மெகாவாட், எட்டு மணி நேரம்.

புரோக்கன் ஹில் ஒரு பழைய சுரங்க ஊர். அதைப் படிக்கும் தமிழருக்குக் கோலார் தங்கவயல் நினைவுக்கு வராமல் இருக்காது. பெங்களூரிலிருந்து நூறு கிலோமீட்டர். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழம். வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்த் தொழிலாளர்கள் தலைமுறை தலைமுறையாக இறங்கிய குழிகள். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீர் சுழற்றிய டர்பைன்களின் மின்சாரம் முதலில் போனது இந்தத் தங்கவயலுக்குத்தான், ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கம்பியில். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் வித்திட்ட திட்டம் அது. மின்சாரம் பாய்ந்ததைப் பார்க்க அவர் இல்லை. பெங்களூரின் தெருக்கள் 1905 வரை காத்திருந்தன. சுரங்கத்தில் பாறையைத் துளைத்த கருவிகள் ஓடியது அழுத்தக் காற்றில். மேலே மின்சாரம் காற்றாகி, குழாய் வழியே இறங்கி, பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டிய ஆழத்தில் வேலை செய்தது. கர்நாடகத்தின் மின்கட்டமைப்பு தொடங்கிய காலத்திலேயே மின்சாரத்தைக் காற்றாக்கும் தொழில் அங்கே இருந்தது என்பது எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அதற்காக, 2001இல் மூடிய அந்தச் சுரங்கத்திலேயே காற்றை அடைத்துவிடலாம் என்று கிளம்பிவிடக் கூடாது. அந்த வெற்றிடங்கள் தங்க ரேகை போன வழியே குடைந்தவை; ஒன்றோடொன்று இணைந்து, வெடித்து, நீர் நிறைந்து கிடப்பவை. ஆழத்தில் பாறை தானாகவே நொறுங்கித் தெறிக்கும் வெடிப்புகள் கோலாரில் பெயர் பெற்றவை, பல உயிர்களைக் குடித்தவை. அழுத்தம் ஏறி இறங்கும் கிடங்குக்குச் சீரான, விரிசலில்லாத புதுக் குகை வேண்டும். தங்கவயல் கொடுக்கக்கூடியது வேறு: அறிவு. அந்த வெடிப்புகளை ஆராய்ந்த அனுபவத்தின் மேல் 1988இல் அங்கே தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் எழுந்தது; இப்போது பெங்களூரிலிருந்து இயங்குகிறது. தக்காணப் பாறை எந்த ஆழத்தில் எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் அவர்கள். பாவகடாவுக்கு அருகே 600 மீட்டர் ஆழத்தில் சோதனைக் குகை ஒன்றைக் குடைந்து பார்க்கும் வேலையை அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது என் ஆசை. செலவு பெரிது, ஆனால் ஒரு காட்டை அழித்தால் அதை எந்தச் செலவிலும் மீட்க முடியாது.

இதற்கிடையில், குகையே வேண்டாம் என்று சொல்லும் ஓர் உறவுமுறைத் தொழில்நுட்பம் கர்நாடகத்துக்கு வந்துவிட்டது. விஜயபுரா மாவட்டத்தின் கூட்கியில் என்.டி.பி.சி.யின் 2,400 மெகாவாட் அனல் மின் நிலையம் இருக்கிறது. அங்கே 160 மெகாவாட் மணி, அதாவது 1,60,000 யூனிட், கொள்ளும் சேமிப்பு நிலையம் அமைக்க 2025 தொடக்கத்தில் சுமார் 290 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது. எடுத்திருப்பது திரிவேணி டர்பைன். சர்க்கரை ஆலைகளுக்கும் காகித ஆலைகளுக்கும் நீராவி டர்பைன் செய்து பழகிய இந்த நிறுவனத்தின் தொழிற்சாலைகள் பெங்களூரின் பீன்யாவிலும் சோம்புராவிலும் இருக்கின்றன. தொழில்நுட்பம் இத்தாலியின் எனர்ஜி டோம் நிறுவனத்துடையது. 2022இல் சார்டினியா தீவில் சிறிய அளவில் ஓட்டிக் காட்டினார்கள்.

இங்கே அழுத்துவது காற்றை அல்ல, கரியமில வாயுவை. அதில் ஒரு வசதி உண்டு. சாதாரணக் காற்றைத் திரவமாக்க அதைக் கடுங்குளிருக்குக் கொண்டுபோக வேண்டும். கரியமில வாயு 70 மடங்கு அழுத்தத்தில் நம் அறை வெப்பநிலைக்கு அருகிலேயே திரவமாகிவிடும். ஒரு டன் வாயு சாதாரண அழுத்தத்தில் அடைக்கும் இடத்தில் ஏறத்தாழ 400இல் ஒரு பங்கு போதும். ஆகவே இரும்புத் தொட்டிகளே கட்டுப்படியாகும். அழுத்தம் தளர்ந்த வாயுவுக்குத்தான் பெரிய இடம். அதற்கு ஊதிய கூடாரம்போன்ற ஒரு கவிகை கட்டுகிறார்கள். பகலில் கவிகை சுருங்கித் தொட்டி நிறையும், மாலையில் தொட்டி காலியாகிக் கவிகை உப்பும். அழுத்தும்போது பிறந்த வெப்பத்தைச் சேமித்து, திரவத்தை மீண்டும் வாயுவாக்க அதையே பயன்படுத்துகிறார்கள். ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்: இது அனல் நிலையத்தின் புகையை விழுங்கும் ஏற்பாடில்லை. ஒரே வாயுதான் உள்ளுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

லித்தியம் பேட்டரி விலை சரிந்துகொண்டே வரும்போது இவ்வளவு பாடு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நியாயமான கேள்வி. இரண்டு மணி நேரச் சேமிப்புக்கு இன்று பேட்டரியை வெல்வது கடினம். எட்டு மணி நேரம் என்னும்போது கதை மாறுகிறது: பேட்டரியில் நேரத்தை இரட்டிப்பாக்க பேட்டரியையே இரட்டிப்பாக்க வேண்டும், இங்கே தொட்டியையும் கவிகையையும் பெரிதாக்கினால் போதும், டர்பைனும் கம்ப்ரசரும் அப்படியே இருக்கலாம். இன்னொன்று, ரேஸ் கோர்ஸ் மையத்தில் இருப்பவர்கள் அதிகம் மதிப்பது: சுழலும் எடை. ஒரு பெரிய மின் நிலையம் திடீரென்று நின்றால், மற்ற டர்பைன்களின் கனமான சுழற்சிதான் முதல் சில நொடிகளுக்கு அந்த 50ஐத் தாங்கிப் பிடிக்கிறது. சூரியத் தகடுக்கு அந்த எடை கிடையாது. பேட்டரியில் மின்னணுக் கருவிகளால் அதைப் போலச் செய்யலாம். அழுத்த வாயு நிலையத்தில் அது இயல்பாகவே வருகிறது. தவிர, லித்தியத்துக்கு நாம் வெளிநாட்டை நம்ப வேண்டும். டர்பைனைப் பீன்யாவில் கடையலாம்.

கூட்கியில் உண்மையான சோதனை ஏப்ரல், மே மாதங்களில் நடக்கும். கரியமில வாயுவுக்கு 31 டிகிரி செல்சியஸ் ஓர் எல்லைக்கோடு. அதற்கு மேலே எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாகாது. விஜயபுராவில் கோடைப் பகல் 40ஐத் தொடும், சூரிய மின்சாரம் மிஞ்சுவதும் அதே பகலில்தான். வறண்ட காற்றாகையால் நீரை ஆவியாக்கிக் குளிர்விப்பது அங்கே நன்றாக வேலை செய்யும். அந்த நீர் ஆலமட்டி அணைப் பக்கமிருந்து வர வேண்டும், அதுவும் பாசனத்துக்குத் தவிக்கும் மாதங்களில். ஆகவே ஆண்டுச் சராசரி செயல்திறனை மட்டும் அறிவித்தால் போதாது. மே மாதத்தில் 100 யூனிட்டுக்கு எத்தனை திரும்பியது, ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர் நீர் போனது என்று பொதுத்துறை நிறுவனமான என்.டி.பி.சி. மாதாமாதம் வெளியிட வேண்டும். கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையத்தை வைத்துக்கொண்டிருக்கும் தமிழ்நாட்டுக்கு அந்த எண்கள் உடனடியாகத் தேவை. கமுதி இருக்கும் ராமநாதபுரத்துக் காற்றில் வெயிலோடு கடல் ஈரமும் கலந்திருக்கும். ஆவியாக்கிக் குளிர்விப்பது விஜயபுராவைப்போல அங்கே எடுபடாது.