மலைத்தோட்டங்களும் வாரிசு ஏற்பாடும்

சேலம் ஜில்லாவிலுள்ள சேர்வராயன் மலையில், ஏற்காட்டைச் சுற்றிலும் தலைச்சோலை முதலிய கிராமங்களிலும், காப்பியும் மிளகும் பயிராகி வருகின்றன. 1820-ம் ஆண்டை அடுத்த காலத்தில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் துரை இம்மலையில் காப்பியைப் புகுத்தினார். காப்பிச் செடி நட்ட மூன்று நான்கு ஆண்டுகளுக்குப் பின்னரே பலன் கொடுக்கத் தொடங்கும். நன்கு பேணினால் பல பத்தாண்டுகள் நிற்கும். நடுபவர் ஒருவர், பலன் கொள்பவர் மற்றொருவர் என்பது இப்பயிரின் இயல்பு. ஆகையால், தமக்குப் பின் தோட்டம் யாரிடம், எவ்விதம் சேர வேண்டுமென்பதைத் தோட்டக்காரர் தம் காலத்திலேயே தீர்மானித்து வைப்பது அவசியமாகும்.

மரண வரி

சொத்துடையவர் இறந்தால் சர்க்காருக்குப் பெருந்தொகை செலுத்த வேண்டுமென்னும் அச்சம் சிலரிடம் இன்றும் இருக்கிறது. 1953-ம் வருஷத்து எஸ்டேட் வரிச் சட்டம் அவ்வருஷம் அக்டோபர் 15-ந் தேதி அமலுக்கு வந்தது. மிகப் பெரிய சொத்துக்களின் மேல் அடுக்குக்கு வரி விகிதம் பிற்காலத்தில் 100-க்கு 85 வரை உயர்ந்தது. ஆனால் வசூலோ ஆண்டுக்குச் சுமார் 20 கோடி ரூபாய்தான் என்றும், அதற்காகும் நிர்வாகச் செலவு அதிகமென்றும் 1985-ல் நிதி மந்திரி வி. பி. சிங் பார்லிமெண்டில் தெரிவித்தார். 1985 மார்ச் 16-ந் தேதி முதல் நேர்ந்த மரணங்களுக்கு இவ்வரி இல்லை.

வாரிசாகவோ உயில் மூலமாகவோ சொத்தைப் பெறுவது வருமானமாகக் கருதப்படுவதில்லை. எனினும், பெற்றவர் பிற்காலத்தில் அதை விற்று, அது மூலதன ஆதாய வரிக்கு உட்பட்டதாயின், முன்னோர் கொடுத்த விலையே அடிப்படை விலையாகும்; 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்தானால் அத்தேதியின் மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். ஆகவே பழைய கிரயப் பத்திரங்களைப் பத்திரப்படுத்துதல் வேண்டும்.

ஏற்பாடு இல்லையெனில்

வரி நீங்கிய பின்னும் தோட்டங்கள் சீர்குலைவதற்குக் காரணம், பங்கு தெளிவாகாமையே. ஐந்து ஏக்கர் சுயார்ஜிதத் தோட்டமுடைய ஹிந்து ஒருவர் உயில் எழுதாமல் இறந்தார் என்று கொள்வோம். தாய், மனைவி, இரு மகன்கள், ஒரு மகள் ஆகிய ஐவருக்கும் 1956-ம் வருஷத்துச் சட்டப்படி சமபங்கு உண்டு. கணக்கில் ஆளுக்கு ஓர் ஏக்கர் ஆகிறது. ஆனால் பழம் பிழியும் கொட்டகை, உலர்த்தும் களம், ஊற்று, வண்டிப்பாதை ஆகியவற்றை ஐந்தாகப் பிளக்க இயலாது. பங்காளிகள் பிணங்கினால் கவாத்தும் எருவிடுதலும் நின்றுபோகும். தண்டுத்துளைப்பான் கண்ட செடிகளை அகற்றுவாரும், காய்த்துளைப்பான் தங்கிய உதிர்காய்களைப் பொறுக்குவாரும் இல்லாமற் போவர். அப்பூச்சிகள் அண்டைத் தோட்டங்களுக்கும் பரவும்.

மதத்திற்கும் குலவழக்கத்திற்கும் ஏற்ப வாரிசுச் சட்டம் மாறும். ஹிந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை உண்டென 2005-ம் வருஷத்துத் திருத்தச் சட்டம் வகுத்தது. கிறிஸ்தவர்களில் மனைவியும் மக்களும் இருப்பின், மூன்றிலொரு பங்கு மனைவிக்கும் எஞ்சியது மக்களுக்குமாம். சேலம் ஜில்லாவின் மலையாளிக் குடிகள் பட்டியலிற் சேர்ந்த பழங்குடியினராதலால், மத்திய சர்க்கார் அறிவிக்கை செய்தாலொழிய 1956-ம் வருஷத்துச் சட்டம் அவர்களுக்குப் பொருந்தாது; வழக்கமே முதன்மையாகும். எனினும், பெண்ணுக்குப் பங்கு இல்லையென்னும் வழக்கம் நிரூபிக்கப்படாதபோது, பெண் என்ற ஒரே காரணத்தால் பங்கை மறுத்தல் சமத்துவத்திற்கு மாறென்று 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு ஒரு பழங்குடி வழக்கில் தீர்ப்பளித்தது.

மூன்று வழிகள்

முதலாவது உயில். இதற்கு முத்திரைக் கட்டணம் இல்லை. பதிவு செய்வது கட்டாயமுமன்று, ஆயினும் நலம். எழுதியவரின் கையொப்பத்திற்கு இருவர் சாட்சியிட வேண்டும். பயன் பெறுவோர் சாட்சியாகாதிருத்தல் நன்று. எழுதியவர் உயிருடன் உள்ளளவும் மாற்றலாம். முஸ்லிம்கள் பொதுவாக மூன்றிலொரு பங்கையே உயிலால் அளிக்க இயலும்.

இரண்டாவது தான செட்டில்மெண்டு. இது எழுதியவர் காலத்திலேயே உரிமையை மாற்றிவிடும். தமிழ்நாட்டில் குடும்பத்தினருக்குள் எழுதினால் முத்திரைக் கட்டணம் 100-க்கு 1 வீதம். 2023 ஜூலை 10 முதல் அதன் உச்ச வரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்ச வரம்பு 10,000 ரூபாய். முதியோர் முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு உணவுக்கு ஏங்கலாகாது. தம்மைப் பராமரிக்க வேண்டுமென்னும் நிபந்தனையை ஆவணத்திலேயே சேர்த்தல் வேண்டும். அது மீறப்படின், 2007-ம் வருஷத்துப் பெற்றோர் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி ஆவணத்தை ரத்து செய்யுமாறு தீர்ப்பாயத்தை அணுகலாம்.

மூன்றாவது பாகப்பிரிவினை. களமும் ஊற்றும் பாதையும் பொதுவில் நிற்கும் என்பதையும், அவற்றைச் செப்பனிடுபவர் யாரென்பதையும் பத்திரத்தில் தெளிவாக எழுதுதல் வேண்டும்.

பட்டா மாற்றம்

உரிமை மாறியதும் பட்டாவையும் மாற்ற வேண்டும். பாட்டனார் பெயரிலேயே பட்டா நின்றால் பேரனுக்கு வங்கிக் கடனும் மானியமும் கிடைப்பது அரிதாகும். மரணம் நேர்ந்த குடும்பத்தாருக்கு இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும் பெறும் முறையைக் கிராம நிர்வாக அலுவலர் உடனே எடுத்துக்கூறுவது பெரும் உதவியாகும். அடுத்த கவாத்துக் காலத்துக்கு முன் மூலப்பத்திரம், பட்டா, சிட்டா, அடங்கல் ஆகியவற்றின் பெயர்களும் பரப்பளவும் ஒத்திருக்கின்றனவா என்று ஒவ்வொரு தோட்டக்காரரும் பார்த்துக்கொள்வாராக. அவை ஒவ்வாதவிடத்தில், நிலத்தை நன்கறிந்த மூத்தோர் உயிருடன் உள்ளபோதே திருத்திக்கொள்வது எளிது.