முழங்காலுக்கு ஒரு தூக்குக்குண்டு

செமினி வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் சீவப் போனவர்கள் இன்று முதியோர். அவர்களிற் சிலர் படியேற மாட்டாமல் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கின்றனர். மூட்டை மாற்றலாமென்று டாக்டர் சொன்னதும், "கணிப்பொறி வழிகாட்டினால் பிசகே வராதாமே?" என்று பிள்ளைகள் கேட்பது இயல்பு. அதற்கு ஒரே சொல்லில் விடை கூற இயலாது.

சுவர் எழுப்பும் கொத்தனார் தூக்குக்குண்டு பிடித்துப் பார்க்கிறார் அல்லவா? காலுக்கும் அத்தகைய கோடு ஒன்று உண்டு. இடுப்பு மூட்டுப் பந்தின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்கு இழுக்கும் கோடு, முழங்காலின் நடுவே செல்லவேண்டும். விலகினால் பாரம் ஒரு பக்கம் சாய்ந்து, செயற்கை மூட்டு விரைவில் தேயும் அல்லது கழலும் என்பது நெடுநாளைய கருத்து. 3 பாகை வரை விலகலாம் என்பது வழக்கமான வரம்பு.

ஆனால் சதைக்குள் புதைந்த இடுப்புப் பந்து கண்ணுக்குத் தெரியாதே! பழைய முறையில் தொடையெலும்பைத் துளைத்து, மச்சைக் குழாய்க்குள் ஒரு கோலைச் செலுத்தி, அதனை ஆதாரமாகக் கொண்டு எலும்பை அறுப்பர். எலும்பு நேராயிருந்தால் கோல் பொய் சொல்லாது. வில்லாக வளைந்திருந்தால் கோலும் ஏமாற்றும். ஆசிய மக்களில், அதிலும் மூட்டுத் தேய்ந்து கால் வளைந்தோரில், இவ்வளைவு அரிதன்று. மும்பை டாக்டர் அருண் முல்லாஜி முதலியோர் இதனை ஆராய்ந்து எழுதியுள்ளனர்.

கணிப்பொறியின் துணையால் முழங்கால் மூட்டை மாற்றும் முறை, பிரான்சின் கிரெனோபிள் நகரில் 1997-இல் தொடங்கியது. தொடையிலும் கீழ்க்காலிலும் ஆணிகள் இறக்கி, ஒளி தெறிக்கும் உருண்டைகளைப் பொருத்துவர். அகச்சிவப்புக் காமிரா அவற்றை நோக்கியவண்ணம் இருக்கும். டாக்டர் காலைச் சுழற்றுவார். உருண்டைகள் செல்லும் பாதையிலிருந்து இடுப்புப் பந்தின் நடுவைப் பொறி கணித்துவிடும். கணுக்காலின் இரு புடைப்புகளை டாக்டரே முனைக்கோலால் தொட்டுக் காட்டவேண்டும். தவறான இடத்தைத் தொட்டால், தவறான விடையையே பொறி வெகு துல்லியமாகத் தரும்!

பல ஆய்வுகளைத் திரட்டி 2007-இல் வெளியான கணக்கின்படி, 3 பாகைக்கு மேல் கோணியவை பழைய முறையில் 31.8 விழுக்காடு, பொறியின் துணையுடன் 9 விழுக்காடு. அளப்பதில் பொறி வென்றது தெளிவு. எனினும், கோடு நேரானால் மூட்டு நெடுங்காலம் உழைக்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 398 மூட்டுகளின் 15 ஆண்டு வரலாற்றை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட முடிவு, வரம்புக்குள் இருந்தவை கூடுதலாக நிலைத்ததாகக் காட்டவில்லை. ஆஸ்திரேலியப் பதிவேட்டை ஆராய்ந்து 2015-இல் வெளியான கட்டுரையோ, 65 வயதுக்குட்பட்டோரில் 9 ஆண்டுகளுக்குள் மறு அறுவைக்கு வந்தவை பழைய முறையில் 7.8, பொறி முறையில் 6.3 விழுக்காடு என்றது. வேறுபாடு உண்டு; பெரிதன்று.

பொறி முறையில் நேரம் கூடும். ஆணித்துளை வழியே எலும்பு முறிவதும் அபூர்வமாக நேர்ந்திருக்கிறது. ஆகவே தொடையெலும்பு வளைந்தவர்க்கும், பழைய விபத்தில் எலும்புக்குள் இரும்புக் கம்பி வைக்கப்பட்டதால் கோல் நுழைய வழியில்லாதவர்க்குமே இது பெரிதும் உதவும். தம் தாயார் அவர்களில் ஒருவரா என்பதை, இடுப்பு முதல் கணுக்கால் வரை ஒரே படமாக எடுத்த நீண்ட எக்ஸ்ரேயைக் கொண்டு டாக்டரிடம் பிள்ளைகள் கேட்டறியலாம்.