விமான இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது? லேப்டாப்பிலேயே தெரிஞ்சுக்கலாம்!

ஆவடி பக்கம் கோவில்பதாகையில் உட்கார்ந்தபடியே ஏர்பஸ் ஏ320 ஓட்டலாம்; லேப்டாப்பில் ஃப்ளைட் சிமுலேட்டர் போதும். ஆனால், பைக் மாதிரி ஒரே பட்டனில் ஸ்டார்ட் ஆகிடாது.

வரிசை என்ன?

முதலில் பேட்டரி. அடுத்து, வால் பகுதியில் இருக்கும் குட்டி இன்ஜினான ஏபியு. அதன் அழுத்தக் காற்றுதான் பெரிய இன்ஜினைச் சுழற்றும். 'ஏபியு பிளீட்' பட்டனை மறந்தால் இன்ஜின் சுற்றாது. பிறகு எரிபொருள் பம்ப், பீக்கன் விளக்கு. மோட் செலக்டரை 'இக்னிஷன்' பக்கம் திருப்பி, மாஸ்டர் சுவிட்ச்சை ஆன் செய்யணும். வழக்கமாக 2-வது இன்ஜின்தான் முதலில். தீப்பொறி, எரிபொருள் எல்லாம் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும். நம்ம வேலை, வெப்பநிலையைக் கவனிப்பது. எல்லை தாண்டினால் உடனே மாஸ்டர் ஆஃப்.

ஏன் தெரிஞ்சுக்கணும்?

2025 ஜூன் 12 அகமதாபாத் விபத்தில் 260 பேர் இறந்தனர். புறப்பட்ட சில விநாடிகளில் ஏர் இந்தியா போயிங் 787-இன் இரு எரிபொருள் சுவிட்ச்சுகளும் 'கட்ஆஃப்' நிலைக்குப் போனதாக முதற்கட்ட அறிக்கை சொன்னது. ஏன் போயின என்று அது சொல்லவில்லை. சுமார் 10-14 விநாடிகளில் சுவிட்ச்சுகள் 'ரன்' நிலைக்குத் திரும்பின. இன்ஜின்களில் மீண்டும் தீ பற்றியது. ஆனால், விமானத்தைத் தூக்கும் வேகம் வருவதற்குள் உயரம் தீர்ந்துவிட்டது.

சுவிட்ச் போட ஒரு நொடி போதும். இன்ஜின் வேகம் பிடிக்க அவகாசம் வேணும். சிமுலேட்டரில் மீட்டர் முள் மெதுவாக ஏறுவதைப் பார்த்தால் இது புரியும்.