நாயனக்காரனின் வயிறு

நாயனம் ஊதுகிறவனைக் கண்டால் கல்யாண வீட்டில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "அண்ணே, உங்க நுரையீரல் இரும்புல செஞ்சதா?" பாவம், நுரையீரல்! காற்றைத் தள்ள அதற்கென்று தசையே கிடையாது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது மூச்சை வெளியே விட நாம் உழைப்பதே இல்லை. விரிந்த நுரையீரல் தானாகச் சுருங்கிக் காற்றை அனுப்பிவிடும். உதரவிதானம் பாடுபடுவது மூச்சை உள்ளே இழுக்கத்தான்.

நாயனத்தில் கதை வேறு. வாயில் வைத்து ஊதும் சீவாளியின் இரண்டு நாக்குக்கும் நடுவில் இருப்பது சின்ன இடுக்கு. அதற்குள் காற்றை நெட்டித் தள்ள வயிற்றுத் தசைகளும் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள உள்தசைகளும் இறுகியாக வேண்டும். நான் மல்லாரி வாசிக்கும்போது வயிற்றில் கைவைத்துப் பார்த்தால் பலகை மாதிரி இருக்கும். மேல் ஸ்தாயிக்கு ஏற ஏற இறுக்கம் கூடும். ஜனங்கள் பார்ப்பது என்னவோ உப்பிய கன்னத்தைத்தான்.

இந்தத் தசைகளும் களைத்துப்போகும். 1991இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் ஆரோக்கியமான 11 பேரைத் தடைக்கு எதிராக மூச்சை வெளியே விடச் சொன்னார்கள். முடியாமல் போகும்வரை, அல்லது 60 நிமிடம். தடை லேசாக இருந்தபோது ஒன்றும் ஆகவில்லை. கூடியபோது ஊதும் பலம் குறைந்தது. வேடிக்கை என்னவென்றால், இழுக்கும் பலமும் சேர்ந்தே குறைந்தது. ஒரு மணி நேரம் போயும் அந்தக் குறைவு தீரவில்லை.

களைத்தது மனசா, தசையா? அதற்கும் சோதனை உண்டு. முதுகில் காந்தச் சுருளை வைத்து நரம்பைச் சுண்டினால் வயிறு தானாகத் துள்ளும். இரைப்பைக்குள் விட்ட சிறு பலூன் அந்த அழுத்தத்தை அளக்கும். களைத்த வயிற்றில் துள்ளலே குறைந்துவிடும். விருப்பத்துக்கு அங்கே வேலையில்லை. பையனைச் சோம்பேறி என்று வைகிற வாத்தியார்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

என்னிடம் பாடம் கேட்க வரும் பிள்ளைகள் வேறொரு இடத்திலும் தடுக்குவார்கள். இடுக்கு சிறியது என்பதால் காற்று அதிகம் செலவாகாது. சங்கதி முடியும்போது நெஞ்சில் காற்று மிச்சமிருக்கும், ஆனால் பழைய காற்று. கரியமில வாயு ஏறி மூச்சு முட்டும். அவர்களோ அதன்மேலேயே இன்னும் இழுப்பார்கள். "மிச்சத்த வெளிய விட்டுட்டு அப்புறம் இழுடா" என்பேன். மேற்கத்திய ஓபோ வாசிப்பவர்களுக்கும் இதே பாடுதான். தசைக் களைப்புக்கு வைத்தியம் வேறு. கனத்த சீவாளியோடு மல்லுக்கட்டுகிறவனுக்கு இளசாக ஒன்றை மாற்றிக் கொடுத்தால் அன்றைக்குப் பாடம் ஓடும். தடை குறைந்தால் களைப்பும் தள்ளிப்போகிறது.

கச்சேரியில் எனக்குக் கிடைக்கும் ஓய்வு தவில் தனிதான். ஒரு மணி நேரத்தில் திரும்பாத பலம் அந்தக் கொஞ்ச நேரத்தில் எப்படித் திரும்பும்? தனிக்குப் பிறகு பெரிய ராகத்தைத் தொடாமல் லேசான துக்கடாவை வைத்த பெரியவர்கள், ரசிகர்களை மட்டும் நினைத்தா வைத்திருப்பார்கள் என்று எனக்கு ரொம்ப நாளாகச் சந்தேகம்.