வலிமா விருந்துக்கு மறுநாள்

"உடல் எடையைக் குறைத்தாக வேண்டும்" என்று மருத்துவர் கண்டிப்பாகக் கூறிவிட்டார். நம் இல்லத்தரசி ஒருவர் அதனை ஏற்று, இரண்டு மாதங்களாகச் சோற்றின் அளவைக் குறைத்து, எண்ணெய்ப் பண்டங்களைத் தவிர்த்து, மூன்று கிலோ இறக்கியும் விட்டார் என வைத்துக்கொள்வோம். அந்நேரம் பார்த்து நெருங்கிய உறவில் ஒரு நிக்காஹ். அடுத்த நாள் வலிமா. பிரியாணி, தால்ச்சா, பொரித்த கோழி, முடிவில் பிரட் அல்வா. "போதும், போதும்" என்று தட்டை மறைத்தாலும் பரிமாறும் பெரியம்மா விடுவதில்லை. வழக்கமாக உண்பதைப் போல் இரு மடங்கு உள்ளே போய்விடுகிறது. மறுநாள் காலையில் எடைக்கருவியில் ஏறி நின்றால், முள் ஒன்றரைக் கிலோ கூடுதலாகக் காட்டுகிறது!

எடை குறைக்க முயல்வோரில் பலர் மனம் தளர்வது இந்த மறுநாள் காலையில்தான்.

அந்த ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வந்தது என்று சற்றுக் கணக்குப் பார்ப்போம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. அப்படியாயின் ஒன்றரைக் கிலோ கொழுப்புச் சேர, அன்றாடத் தேவைக்கு மேல் 11,500 கலோரி அளவுக்கு உண்டிருக்க வேண்டும். எத்துணைப் பெரிய விருந்தாயினும் ஓர் இல்லத்தரசியின் வயிறு அதைத் தாங்காது. முள் காட்டியதில் பெரும்பகுதி தண்ணீரே. விருந்து உணவின் உப்பு உடலில் நீரைப் பிடித்து வைக்கிறது. சோற்றின் மாவுச்சத்து கிளைக்கோஜனாக மாறி ஈரலிலும் தசைகளிலும் சேரும்போது, ஒவ்வொரு கிராமுக்கும் மூன்று கிராம் அளவு நீரையும் உடன் சேர்த்துக்கொள்கிறது. இன்னும் குடலைக் கடக்காத உணவின் எடை வேறு. பழைய உணவு முறைக்குத் திரும்பிய சில நாட்களில் இந்தச் சுமை தானே இறங்கிவிடும். ஆகவே விருந்து முடிந்த மூன்று நான்கு நாட்களுக்கு எடைக்கருவியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்துவிடுவது மனத்துக்கும் நல்லது.

இதை அறியாதவர்கள் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். "எல்லாம் பாழாயிற்று, இனி அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று கட்டுப்பாட்டைக் கைவிடுவது ஒன்று. இது நம்மவர்க்கு மட்டும் உரிய பலவீனமென எண்ண வேண்டாம். 1975-இல் அமெரிக்காவில் ஹெர்மன், மாக் என்ற இரு ஆய்வாளர்கள் கல்லூரி மாணவியருக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்து, பிறகு ஐஸ்கிரீமை வேண்டிய மட்டும் சுவைத்துப் பார்க்கச் சொன்னார்கள். உணவுக் கட்டுப்பாடு எதுவும் இல்லாத மாணவியர், மில்க் ஷேக் குடித்ததற்கு ஏற்ப ஐஸ்கிரீமைக் குறைத்துக்கொண்டனர். கட்டுப்பாட்டில் இருந்தவர்களோ, மில்க் ஷேக் குடித்த பின் கூடுதலாக உண்டனர்! "கட்டுப்பாடு உடைந்துவிட்டது" என்ற எண்ணம் வந்ததும், வயிறு நிறைந்ததை மனம் கேட்கவில்லை.

மற்றொன்று பட்டினி. காலையும் மதியமும் ஒன்றுமே உண்ணாமல் இருந்தால் மாலையில் பசி மும்மடங்காகி, சமையலறையில் நின்றபடியே கையில் கிடைத்ததை எல்லாம் உண்ண வைக்கும். நீரிழிவுக்காக இன்சுலின் போட்டுக்கொள்வோரும், கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளை உண்போரும் இவ்வாறு வேளை தவறினால் இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கி, வியர்த்து, நடுங்கி, மயங்கி விழவும் கூடும். சிலர், "நாளை ஒரு நஃபில் நோன்பு வைத்து ஈடுகட்டிவிடுவேன்" என்பார்கள். நோன்பு இறைவனுக்கான வணக்கம். கலோரிக் கணக்கை நேர் செய்ய ஏற்பட்டதன்று. அதிலும் ஹஜ்ஜுப் பெருநாளன்றும் அதையடுத்த மூன்று நாட்களும் நோன்பு நோற்பதே தடுக்கப்பட்டிருக்கிறது.

பின் என்னதான் செய்வது? பெரிதாக ஒன்றுமில்லை. மறுநாள் காலையில் வழக்கமாக உண்ணும் இரண்டு இட்லியை உண்ணுங்கள். மதியம் வழக்கமான அளவு சோறு. கீரையோ காயோ சற்றுக் கூடுதலாக இருக்கட்டும். உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடங்கள். வீட்டு மாடியிலேயே நடந்தாலும் போதும். இரத்தத்தில் சர்க்கரை திடீரென ஏறுவதை அது குறைக்கும்.

விருந்து அன்றோடு முடிந்ததா என்பதையும் கவனிக்க வேண்டும். 2000-இல் அமெரிக்க மருத்துவ ஏடொன்றில் வெளியான ஆய்வில், அந்நாட்டின் பண்டிகைக் காலத்தில் 195 பேரின் எடையைக் குறித்து வந்தார்கள். சராசரியாகக் கூடியது அரைக் கிலோவுக்கும் குறைவுதான். ஆனால் அந்தச் சிறு கூடுதல் அடுத்து வந்த மாதங்களில் இறங்கவில்லை. நம் வீடுகளில் பெருநாள் ஒரு நாள். குர்பானி இறைச்சியோ குளிர்பதனப் பெட்டியில் பல வாரம். கல்யாண வீட்டிலிருந்து டிபன் கேரியரில் வந்த பிரியாணி மறுநாள் காலைப் பலகாரமாகிறது; மிஞ்சியதை வீணாக்கலாகாது என்று வீட்டுத் தலைவியின் தட்டுக்கே அது வந்து சேர்கிறது. வந்த அன்றே அண்டை வீட்டாருக்குப் பகிர்ந்துவிட்டால் வீணாவதற்கு இடமேது?

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் ஒரே சஹனில் பலர் அமர்ந்து உண்பது அழகிய பழக்கம். ஆனால் தாம் எவ்வளவு உண்டோம் என்பது அதில் கண்ணுக்குத் தெரியாது. தம் பக்கத்துச் சோறு தீர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டு, மற்றவர் முடிக்கும்வரை பேசிக்கொண்டிருப்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை. வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை மூச்சுக்கு விடச் சொன்ன நபிமொழியை நம் வீட்டுச் சிறுவனும் ஒப்பிப்பான். பரிமாறுகிற பெரியவர்கள்தாம் அதை மறந்துவிடுகிறார்கள்.

வீட்டிலுள்ள ஆண்களுக்கும் ஒரு சொல். "நேற்று வெளுத்து வாங்கிவிட்டு இன்றைக்கு என்ன பத்தியம்?" என்ற கேலி உங்களுக்கு விளையாட்டு. கேட்பவர் அடுத்த முறை யாரும் பார்க்காத நேரத்தில் உண்ணப் பழகுவார். எப்போதோ ஒரு விருந்தில் கூடுதலாக உண்பது வேறு. வாரம் ஒரு முறையேனும், மாதக் கணக்கில், தனிமையில், நிறுத்த இயலாமல் பெருமளவு உண்டுவிட்டு வெட்கத்தால் குமைவது வேறு. பின்னதை மருத்துவ உலகம் நோயாகவே வகைப்படுத்தியிருக்கிறது. அதற்குச் சிகிச்சையும் உண்டு. வெளியில் சொல்லக் கூசுகிறவர்கள், கணவரையோ உம்மாவையோ துணைக்கு அழைத்துக்கொண்டு முதலில் குடும்ப மருத்துவரிடம் சொல்லலாம். உரிய மனநல மருத்துவரிடம் அவரே அனுப்பி வைப்பார்.